இடப்பக்கம் பலகை

ஸ்ரீகலா என் பட்டறைக்கு வந்த முதல் நாளில், அவருடைய பைக் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. லோடு ஆட்டோவில் நிறுத்திக் கயிறு போட்டு, சாயாமல் இரண்டு ஆட்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கறுப்பு குரூஸர். தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, சாய்ந்து நீண்ட முன்பக்கம். மீட்டரைப் பார்த்தேன். வாங்கி இரண்டு மாதமான வண்டி பதினொரு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

"கேடாயிப் போச்சா?" என்று லோடு ஆட்டோக்காரனிடம் கேட்டேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டுத ஆளு பொறத்த வருது," என்றான்.

பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை போகும் சாலையில் இருக்கிறது என் பட்டறை. எஞ்சின் வேலை நான் எடுப்பதில்லை. பைக்கில் மனிதனின் உடம்பு தொடுகிற இடங்கள்தான் என் வேலை: கைப்பிடி, இருக்கை, கால் வைக்கிற இடம். திருவனந்தபுரத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். ஈசாக் கை வைத்தால் வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்கலாம் என்று சொல்வார்கள். அதில் எனக்கு நல்ல கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்துக்கு என்ன ஆனது என்பதும் இந்தக் கதையில் வரும்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஆட்டோவில் ஸ்ரீகலாவும் அவர் கணவர் அனில்குமாரும் வந்து இறங்கினார்கள். ஸ்ரீகலாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பெருங்கடவிளைப் பக்கம் அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர். மாட்டுக்கு ஊசி போடுவது, சினை பார்ப்பது, கன்று வெளியே வராமல் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய் நிற்பது எல்லாம் அவர்தான். தான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மாடு வைத்திருப்பவர்களுக்கு அவர் டாக்டர். என் வாயிலும் அப்படித்தான் வந்தது.

ஆட்டோவிலிருந்து நடந்து வந்ததில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கொஞ்சம் பைய நடக்கிறார், அவ்வளவுதான். ஸ்டூலில் உட்கார்ந்ததும் இடது ஷூவின் பட்டையை இழுத்துக் கழற்றினார். சாக்ஸையும் உருவினார். பாதம் பாதிதான் இருந்தது. விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில், குறுக்கே தழும்பு ஓடிய மழுங்கிய முனை.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பாருங்க அண்ணா. பாத்தாத்தானே அளவெடுக்க முடியும்," என்றார்.

ஒன்றரை வருடம் முன்பு, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ஸ்கூட்டரில் டியூட்டிக்குப் போகும்போது ஒரு டிப்பர் அவரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. ஸ்கூட்டர் சரிந்தது. டிப்பரின் பின்சக்கரம் காலில் ஏறியது. இந்த பைக்கை அதற்கு முந்தின மாதம்தான் புக் செய்திருந்தார். நடக்கத் தொடங்கிய பிறகு போய் டெலிவரி எடுத்தார். வீட்டு முற்றத்திலும் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பாதையிலும் ஓட்டிப் பார்த்ததில் பதினொரு கிலோமீட்டர் ஆனது. கியர் விழவில்லை.

"ஸ்கூட்டர்னா கியர் பிரச்சினையே இல்லியே டாக்டரே," என்றேன்.

"ஸ்கூட்டர் உண்டு. டெய்லி அதுலதான் டியூட்டிக்குப் போறேன். அது வேலைக்கு. இது எனக்காக்கும்."

அனில்குமாரைப் பார்த்தேன். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கும் பருமனான, சாதுவான மனிதர்.

"என்னையப் பாக்காதீங்க. எனக்கு ஓட்டத் தெரியாது. பொறத்த இருந்து சாமி கும்பிட மட்டும் தெரியும்," என்றார்.

"எங்க போறதுக்கு இந்த வண்டி?" என்று கேட்டேன்.

"பொன்முடிக்கு. இருபத்திரெண்டு கொண்டை ஊசி வளைவு. ஆஸ்பத்திரில மலந்து கெடக்கும்போ ஒவ்வொரு வளைவா மனசுக்குள்ள ஏறுவேன். பன்னெண்டு, பதிமூணு வரும்போ தூங்கிப் போவேன்."

அவருடைய சிக்கல் எனக்கு உடனே விளங்கியது. கம்பெனி கொடுத்த வண்டியில் கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்தான் இருந்தது. ரப்பர் உறை போட்ட குட்டைக் கம்பி. பாதத்தின் நடுப்பகுதி மட்டும் அதன்மேல் நிற்கும். கியர் லீவர் அதற்கு முன்னால். முன்பாதத்தால் கீழே மிதித்தால் கியர் இறங்கும். பெருவிரலை அடியில் கொடுத்து மேலே தூக்கினால் கியர் ஏறும். ஸ்ரீகலாவுக்குத் தூக்கப் பெருவிரல் இல்லை, மிதிக்க முன்பாதம் இல்லை.

"ரெண்டு பக்கமும் ஃபுட்போர்டு போட்டிருவோம்," என்றேன்.

ஃபுட்போர்டு என்பது செருப்பளவு நீளத் தகடு. மேலே கெட்டியான ரப்பர். முழுப் பாதமும் அதில் படிந்து உட்காரும். இரும்புதான் என்றாலும் நான் அதைப் பலகை என்றே சொல்வேன். கியர் மாற்ற, பாதத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு லீவர். குதிகாலால் பின்லீவரை மிதித்தால் கியர் ஏறும். விரல் தேவையே இல்லை. குரூஸர் என்றால் பலகைதான் என்பது என் முடிவு. இருபது வருடத்தில் நூற்றுக்கு மேல் பலகை போட்டிருக்கிறேன். என் சொந்த வண்டியிலும் அதுதான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார் ஸ்ரீகலா. ஊசி போட்ட மாடுகளின் விவரம் எழுதுகிற நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் கேள்விகள் இருந்தன.

"வளைவுல சாயும்போ பலகை ரோட்டுல இடிக்குமா?"

"கொஞ்சம் ஒரசும். அது கேக்கவே ஒரு சொகமாக்கும்."

"மழையில சறுக்குமா?"

"ரப்பர் உண்டுல்லா."

"பள்ளம் வந்தா எழும்பி நின்னு ஓட்டணும்னா?"

"டாக்டரே, இது மலையேறுத வண்டி இல்ல. நீங்க இருந்தா போதும்."

மூன்று பதிலையும் எழுதிக்கொண்டார். பிறகு, "செரி. முதல்ல ஃபுட்ரெஸ்ட்லயே குதிகால் லீவர் போட்டுத் தாருங்க. ஓட்டிப் பாக்கேன். பொறகு பலகை போட்டுப் பாக்கேன். ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றார்.

வீண்வேலை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் செய்துகொடுத்தேன். நாலு நாள் கழித்து அவர் வந்து, பட்டறைக்கு எதிரே உள்ள சாலையில் ஓட்டினார். கியர் ஏறியது. இறங்கத்தான் மறுத்தது. ஷூவின் முன்பாதியில் அடைத்திருந்த பஞ்சு லீவரில் பட்டு மடங்கியது. கம்பியின் அதிர்வு வேறு நேராகத் தழும்புக்குப் பக்கத்தில் ஏறியது. அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் கீழுதட்டைக் கடித்தபடி வந்தார், நான் பார்த்தேன். ஒன்பது தடவை போய் வந்தார். பத்தாவது தடவை வண்டியை நிறுத்தி, நோட்டில் ஏதோ எழுதி, "இனி பலகை," என்றார்.

எனக்கு வெற்றி.

பலகை போட்டுமுடிக்கப் பத்து நாள் ஆயிற்று. அவர் பாதம் எவ்வளவு நீளமோ அதற்கேற்றபடி முன்லீவரைப் பின்னால் இழுத்து, மழுங்கிய முனை நேராக அதன்மேல் படும்படி வைத்தேன். முதல் ஓட்டத்துக்கு நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பெண்ணின் பின்னால் பைக்கில் உட்கார்வது எனக்கு அதுதான் முதல் தடவை. ஜங்ஷனில் நின்ற ஷைஜு, பெயின்டு வேலை செய்கிறவன், கையைத் தட்டி, "எலே ஈசாக்கே, கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்று கத்தினான். ஸ்ரீகலா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

தனுவச்சபுரம் தாண்டிக் காரக்கோணம் பக்கம் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் சாலை. இரண்டாவது கியர், மூன்றாவது, நான்காவது. குதிகால் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அவர் தோள் இறங்கி இளகுவதைப் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. "அண்ணா, வலிக்கவே இல்ல," என்று காற்றில் சத்தமாகச் சொன்னார். பிறகு பாடத் தொடங்கினார். சுருதி சுத்தமாக இல்லை.

ஒரு இடது வளைவில் பலகை ரோட்டில் உரசிக் கரகரத்தது. புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்தச் சத்தத்தில் பயந்து வண்டியை நிமிர்த்திவிடுவார்கள். நேரே எதிர்ப்பக்கம் போய்விடும். அவர் நிமிர்த்தவில்லை. வளைவு முடியும்வரை அப்படியே கொண்டுபோய் அதன்பிறகுதான் மூச்சு விட்டார்.

குன்னத்துக்கால் நெருங்கும்போதுதான் அது நடந்தது. வலது பக்கம் ஒரு செங்குத்தான குறுகிய தார்ப்பாதையிலிருந்து ஒரு ஆட்டோ ஹாரன் அடிக்காமல் இறங்கி நடுரோட்டுக்கு வந்தது. ஸ்ரீகலா முன்பிரேக்கைப் பிடித்தார். சாலையில் செம்மண் சிந்திக் கிடந்தது. முன்சக்கரம் சறுக்கியது. வண்டி ஒரு பக்கமாக ஆடி, ஆட்டோவின் பின்விளக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. என் நெஞ்சு அவர் முதுகில் போய் இடித்தது. ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி மலையாளத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

ஸ்ரீகலா வண்டியை ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கித் தண்ணீர் வாங்கக் கடை தேடினேன். திரும்பி வந்து பார்த்தால், அவர் நிற்கிற வண்டியில் உட்கார்ந்தபடி வலது காலைத் தூக்கிப் பின்பிரேக்கில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பத்துப் பதினைந்து தடவை.

"என்ன செய்யுதீங்க?"

"காலுக்கு எவ்வளவு நேரமாவுதுன்னு பாக்கேன்."

"மண்ணு கெடந்துச்சு, அதனாலயாக்கும் சறுக்கினது. பழகினா செரியாயிரும்," என்றேன்.

அவர் தண்ணீரைக் குடித்தார். பட்டறைக்குத் திரும்பும் வரை பாடவும் இல்லை.

பட்டறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் பேசினார். ரொம்பச் சாதாரணமாக, ஒரு மாட்டுக்கு என்ன நோய் என்று வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல.

"அண்ணா, பலகையில பிரேக் லீவர் மேல நிக்குது. மிதிக்கணும்னா முழுக்காலையும் தூக்கி எடுத்து வைக்கணும். அதுக்குள்ள கை முன்பிரேக்கைப் பிடிச்சுட்டு. ஃபுட்ரெஸ்ட்னா குதிகாலு அங்கயே இருக்கும், முன்பாதத்தை அமுத்தினாப் போதும். எனக்க வலது காலு நல்ல காலாக்கும். அதுக்கு எதுக்கு பலகை? வலது பக்கம் பழைய ஃபுட்ரெஸ்டையே போடுங்க. இடது பக்கம் பலகை இருக்கட்டும்."

எனக்கு விளங்கவே ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் சிரிப்பு வந்தது.

"ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இதா? நான் இதுவரை அப்படி ஒரு வண்டியைக் கண்டதில்ல."

"நானும் கண்டதில்ல."

"டாக்டரே, எனக்க பட்டறையிலேருந்து போற வண்டியாக்கும். பாக்கதுக்கு ஒரு முறை வேண்டாமா? வண்டி நொண்டி மாதிரி இருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அனில்குமார் தரையைப் பார்த்தார். ஸ்ரீகலா ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

"நான் நொண்டிதானே அண்ணா," என்றார். "என்னைய மாதிரி இருந்தாத்தானே எனக்கு ஓட்ட முடியும்?"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்து வலது பலகையின் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினேன். அவர்கள் போகும்வரை நிமிரவில்லை.

அடுத்த மூன்று வாரம் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து அதையே செய்தேன். ஒரு பக்கம் பழையது, ஒரு பக்கம் புதியது என்று மாட்டிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பலகையில் கால் ஒரு உயரத்தில் இருக்கிறது, ஃபுட்ரெஸ்டில் வேறு உயரத்தில். முட்டி இரண்டும் சமமாக இல்லாவிட்டால் இடுப்பு ஒரு பக்கம் சரியும்; பத்து கிலோமீட்டரில் முதுகு பிடித்துக்கொள்ளும். வலது ஃபுட்ரெஸ்டை நாலு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினேன். இடது பலகையை உயர்த்தினேன். உரசல் குறைய அதன் நீளத்தையும் அவர் பாதத்தின் அளவுக்கு வெட்டிக் குறைத்தேன். அப்படியும் ரொம்பச் சாய்ந்து ரோட்டில் தட்டினால் உடைந்துவிடாமல், வண்டியையும் தூக்கிவிடாமல், மேல்நோக்கி மடங்கிப் பிறகு தானே படிகிற மாதிரி ஒரு ஸ்பிரிங் கீல் வைத்தேன்.

டியூட்டி முடிந்து, யூனிஃபார்ம் கோட்டில் மாட்டுச் சாணி வாசனையோடு அவர் வருவார். வண்டி ஸ்டாண்டில் நிற்கும். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

"இடது பக்கம் இத்திரி பொறத்த."

பலகையைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவேன்.

"கூடிப் போச்சு. நெல்லு மணி அளவுக்கு முன்னால."

என் கைக்கே தெரியாத வித்தியாசம் அவர் காலுக்குத் தெரிந்தது. ஒருநாள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் போரடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"பசு கன்னு போடுத நேரத்துல பக்கத்துல இருந்திருக்கீங்களா? ஒண்ணும் செய்யாம கைய வச்சுட்டு இருக்கணும். எப்ப இழுக்கணும்னு அதுவே சொல்லும். அவசரப்பட்டா ரெண்டும் போயிரும்," என்றார்.

இருபது வருடமாக நான் ஆட்களைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவேன். அதுதான் என் திறமை என்று நினைத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் நான் வாயைத் திறந்தது குறைவு, காதைத் திறந்தது அதிகம்.

வண்டியில் மாற்றம் செய்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி அனுமதி வாங்கவேண்டும். டாக்டரின் சான்றிதழ், வரைபடம், விண்ணப்பம் எல்லாவற்றையும் ஸ்ரீகலாவே தயார் செய்தார். ஒரு புதன்கிழமை காலை, லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும் மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனோம். இருபது முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். காலேஜ் பிள்ளைகள், வெளிநாடு போகப்போகிறவர்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த பெண்கள். தரையில் நட்ட கம்பிகளுக்கு நடுவே கால் ஊன்றாமல் எட்டு போடவேண்டும். அதைப் போட முடியாமல் இரண்டு மூன்று பேர் ஏற்கனவே முகம் வாடி நின்றார்கள்.

வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர். காகிதங்களைப் படித்தார். வண்டியைச் சுற்றி வந்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் வந்து பார்த்தார். மறுபடியும் வலது பக்கம் போனார். பிறகு குந்தி உட்கார்ந்து பலகையைக் கையால் மேலே தள்ளினார். அது மடங்கி, விட்டதும் படிந்தது. இன்னொரு தடவை தள்ளினார்.

"ஆரா இது செய்தது?"

நான் கையை உயர்த்தினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்ரீகலாவிடம், "எட்டு எடுக்காமோ?" என்று கேட்டார்.

அந்த நீள வண்டியில் எட்டு போடுவது லேசில்லை. சின்ன பைக்குக்கு வைத்த இடம் அது. ஸ்ரீகலா ஹெல்மெட்டைப் போட்டு, ஒரு தடவை இடத்தை நடந்தே சுற்றிவந்தார். பிறகு ஏறினார். முதல் கியரில், நடக்கிற வேகத்தில், கைப்பிடி முட்ட முட்டத் திரும்பி முதல் வட்டத்துக்குள் நுழைந்தார். வலது முன்பாதம் பின்பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் வண்டி அப்படியே நின்றுவிட்டதுபோல் தோன்றியது. வரிசையில் யாரோ "அய்யோ" என்றார்கள். கால் ஊன்றவில்லை. கிளட்சை நூல் அளவு விட்டார், வண்டி மறுபடி நகர்ந்து இரண்டாவது வட்டத்துக்குள் போனது. ஒரு கம்பியும் ஆடவில்லை. வெளியே வந்ததும் வரிசையில் நின்ற பிள்ளைகள் கைதட்டி விசிலடித்தார்கள். அனில்குமார் கண்ணை மூடியிருந்தார். நான் தட்டித்தான் திறந்தார்.

இன்ஸ்பெக்டர், "ஒந்நு கூடி," என்றார்.

எதற்கு இன்னொரு தடவை என்று எனக்குக் கோபம் வந்தது. ஸ்ரீகலா ஒன்றும் கேட்காமல் இன்னொரு எட்டு போட்டார். முடிந்ததும் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தபடி, "முதல் தடவ டெஸ்டாயிருந்நு. ரெண்டாமத்தது எனிக்கு காணான்," என்றார். தான் பார்த்து ரசிக்கவாம். அந்த ஒரு தடவைதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குப் போனோம். முன்னால் ஸ்ரீகலா, பின்னால் அனில்குமார். நான் என் வண்டியில். காட்டாக்கடையில் ஆப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டோம். விதுரை தாண்டியதும் குளிர் ஏறியது. முதல் வளைவில் அவர் கையை உயர்த்தி ஒரு விரல் காட்டினார். இரண்டாவதில் இரண்டு. நாலாவதுக்குப் பிறகு நான் அந்தக் கையைப் பார்க்கும் தூரத்தில் இல்லை. என் வண்டியின் பலகைகள் வலத்திலும் இடத்திலும் கரகரவென்று உரசின. ஒவ்வொரு வளைவிலும் நான் வேகத்தைக் குறைக்கவேண்டியிருந்தது. மேலே பார்த்தால், இரண்டு வளைவு தாண்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கறுப்பு வண்டி சீராகச் சாய்ந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்த பருமனான உருவமும் அதனோடு ஒன்றாகச் சாய்ந்தது. சாமி கும்பிடுகிறவர் மாதிரி இல்லை.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது ஸ்ரீகலா சரிவில் இறங்கி மூடுபனியைப் பார்த்து நின்றிருந்தார். அனில்குமார் தேநீர் வாங்கி எனக்கு ஒன்று நீட்டினார்.

"ஆஸ்பத்திரில இருக்கும்போ அவளுக்குத் தெரியாம நான் புக்கிங்கை கேன்சல் பண்ணச் சொல்லி போன் செஞ்சேன் ஈசாக்கே," என்றார். "ரெண்டு நாள் கழிச்சு ஷோரூம்லேருந்து அவளுக்கு போன் வந்துட்டு. அவ என்ட்ட கோவிக்கல. 'தள்ளி வைக்கச் சொல்லியிருக்கேன், நீங்க பயப்படாதீங்க'ன்னா. பிளேடு வச்சு பாதியை வெட்டினது அவ காலை. பயப்படாதீங்கன்னு சொன்னது என்ட்ட."

நான் டம்ளரைச் சுற்றிக் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஸ்ரீகலா மேலே ஏறி வந்தார். கன்னம் இரண்டும் குளிரில் சிவந்திருந்தது. சாவியை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணா, நீங்க இதை ஓட்டவே இல்லியே. எறங்கும்போ நீங்க எடுங்க. உங்களுக்க வேலை எப்படி இருக்குன்னு பாருங்க."

ஆசையாகத்தான் வாங்கினேன். உட்கார்ந்தேன். இடது காலைப் பலகையில் வைத்ததும் என் விரல்கள் ஐந்தும் அதன் முனைக்கு வெளியே தொங்கின. முன்லீவர் என் பாதத்தின் நடுவில் வந்து குத்தியது. முதல் கியர் போடக் காலைப் பின்னால் இழுத்தேன். குதிகால் பின்லீவரில் மோதியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். நியூட்ரலில் உறுமியது. முதல் வளைவுக்கு முன்னாலேயே மூன்று தடவை நின்றுவிட்டது. அங்கே நின்ற நாலைந்து பைக்காரர்கள் என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் நான் முடுக்கிய வண்டி அது. எனக்கு ஓட்ட வரவில்லை.

ஸ்ரீகலா என் வண்டியை இறக்கத்தில் நியூட்ரலிலேயே உருட்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பின்னால் அனில்குமார் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு அண்ணா?"

"இது உங்களுக்க காலுக்கு மட்டும் கேக்குத வண்டி டாக்டரே," என்றேன். இறங்கி, சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் மாறி உட்கார்ந்தார். குதிகாலை ஒரு தடவை பலகையில் தேய்த்துச் சரிசெய்தார். அனில்குமார் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டதும் வண்டி சத்தமில்லாமல் கியர் மாறி, இருபத்திரண்டாவது வளைவை நோக்கிச் சாய்ந்தது. நான் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர்களைத் துரத்தப் புறப்பட்டேன். பிடிக்க முடியாது என்று தெரியும்.